சோற்றுக்கையும் முதுமையும்: முதியோர் இல்லங்களில் உணவுவேளைக் கைத்தூய்மை

ஆய்வுச்சுருக்கம்

முதியோர் இல்லங்களில் தொற்றுத் தடுப்புக்கென வகுக்கப்பட்ட விதிகளும் பயிற்சிகளும் பெரும்பாலும் சமைப்பவரின் கையையும் பராமரிப்பவரின் கையையுமே கருத்தில் கொள்கின்றன. ஆனால் உணவை வாய்க்குக் கொண்டுசெல்வது உண்பவரின் கை. கையால் பிசைந்து உண்ணும் தமிழர் வழக்கில் அக்கைக்கு உள்ள இடம் இன்னும் பெரிது. முதுமையில் தொற்று கடுமையாவதற்கான உடற்காரணங்கள், இல்லத்து அன்றாட வாழ்வில் கை கடந்துவரும் வழி, தூய்மைக்கான பொருள்களின் ஆற்றலும் எல்லையும், நோயால் கை செயலிழந்தோரின் தேவைகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. கை கழுவுதலை முதியவர் தாமே நினைவில் வைத்துச் செய்யவேண்டிய கடமையாக விட்டுவிடாமல், அவர் இருக்கையில் அமர்ந்தபின் நிகழும் பரிமாறலின் முதற்படியாக அமைக்க வேண்டும் என்பது இதன் மையக்கருத்து.

திறவுச்சொற்கள்: முதியோர் இல்லம், கைத்தூய்மை, உணவுவேளை, சோற்றுக்கை, தொற்றுத் தடுப்பு, மறதிநோய், பராமரிப்பு.

1. முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். மொத்த மக்கள்தொகையில் இவர்கள் 8.6 விழுக்காட்டினர். தமிழ்நாட்டில் இவ்விழுக்காடு நாட்டின் சராசரியைக் கடந்து 10.4 ஆக இருந்தது. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் பணிபுரிதல், குடும்பங்கள் சுருங்குதல், துணையை இழந்து தனித்திருத்தல் முதலிய காரணங்களால் முதியோர் இல்லங்களின் தேவையும் பெருகியுள்ளது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. ஆதரவற்ற மூத்த குடிமக்கள் குறைந்தது 150 பேர் தங்கத்தக்க இல்லம் மாவட்டத்திற்கு ஒன்றேனும் அமைவதற்கு இச்சட்டத்தின் 19ஆம் பிரிவு வழிசெய்கிறது. இல்லங்களில் அமையவேண்டிய சேவைகளின் தரத்தை மாநில அரசு வகுக்கலாம் என்பதும் அப்பிரிவில் அடங்கும்.

இத்தகைய இல்லங்களில் நாள்தோறும் மூன்று வேளை உணவும் இரண்டு வேளை காப்பி, தேநீர், சிற்றுண்டியும் வழங்கப்படுகின்றன. பலர் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில், ஒரே உணவை உண்கின்றனர். குடும்பத்தில் ஒருவருக்கு வரும் வயிற்றுப்போக்கு நான்கைந்து பேரோடு நின்றுவிடும். இல்லத்தில் அது ஒரு கூடம் முழுவதற்கும் பரவக்கூடும். எனவே உணவுவேளையின் கைத்தூய்மை தனிமனித ஒழுக்கம் என்ற அளவில் நில்லாமல், நிறுவனத்தின் பொறுப்பாகவும் ஆகிறது. அப்பொறுப்பை நிறைவேற்றும் வழி எது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. யாருடைய கை?

கைத்தூய்மை பற்றிய நவீன மருத்துவச் சிந்தனையின் வரலாறு பராமரிப்பவரின் கையிலிருந்தே தொடங்குகிறது. வியன்னா பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ், 1847ஆம் ஆண்டில் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலால் மருத்துவர்களும் மாணவர்களும் கை கழுவ வேண்டும் என விதித்தார். பிணக்கூறாய்வு செய்த கையோடு மகப்பேற்று அறைக்கு வந்தோரின் கைகளே தாய்மாரின் சாவுக்குக் காரணம் என்பது அவர் கண்டறிந்த உண்மை. அவ்விதிக்குப் பின் இறப்பு விகிதம் பெரிதும் குறைந்தது. செவிலியர் நாள் முழுவதும் அடிக்கடி கை கழுவ வேண்டும் என்பதை ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளியான தம் செவிலியப் பணி பற்றிய நூலில் வலியுறுத்தினார்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2009இல் வெளியிட்ட கைத்தூய்மை வழிகாட்டு நெறிகள் இம்மரபின் வளர்ச்சியாகும். நோயாளியைத் தொடும் முன், தூய செயல்முறைக்கு முன், உடல்நீர்மங்கள் பட நேர்ந்த பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைச் சூழ்ந்த பொருள்களைத் தொட்ட பின் என ஐந்து தருணங்களை அந்நெறிகள் வகுத்தன. புறநோயாளர் பிரிவு, வீட்டுப் பராமரிப்பு, நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள் ஆகியவற்றுக்கு இவ்வைந்து தருணங்களைப் பொருத்திக் காட்டும் வழிகாட்டி 2012இல் வெளிவந்தது. சமைப்பவரின் கைக்கும் விதி உண்டு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006இன் கீழ் 2011இல் வகுக்கப்பட்ட ஒழுங்குமுறைகள் உணவைக் கையாள்வோரின் உடல்நலத்தையும் கைத்தூய்மையையும் வரையறுக்கின்றன.

இவை யாவும் தேவையானவையே. ஆயினும் ஐந்து தருணங்களும் பராமரிப்பவர் ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் செல்வதை அடிப்படையாகக் கொண்டவை. மருத்துவமனையில் நோயாளி படுத்திருக்கிறார். அவர்களிடையே நடமாடுவது செவிலியரின் கை. முதியோர் இல்லமோ வாழுமிடம். அங்குள்ளோர் நடக்கின்றனர், நாளிதழை மாற்றி மாற்றிப் படிக்கின்றனர், தொலைக்காட்சியின் ரிமோட்டைப் பகிர்ந்துகொள்கின்றனர், ஒருவர் தோளை மற்றொருவர் பற்றிக்கொண்டு உணவுக்கூடத்திற்கு வருகின்றனர். இங்கு நடமாடும் கை இல்லவாசியின் கையும் ஆகும். சமையலறையில் எவ்வளவு தூய்மை காத்தாலும், தட்டுக்கும் வாய்க்கும் இடைப்பட்ட அந்த ஒரு சாண் தொலைவில் அக்காப்பு முறிந்துபோகக்கூடும்.

3. முதுமையில் தொற்று கடுமையாவது ஏன்?

வயிற்றின் அமிலம் உணவோடு வரும் கிருமிகளில் பலவற்றை அழிக்கும் இயற்கை அரண். இரைப்பையின் உட்படலம் நலிவுறும் முதியோரிடம் இவ்வமிலம் குறைகிறது. நெஞ்செரிச்சலுக்கென நீண்டகாலம் உட்கொள்ளப்படும் அமிலக்குறைப்பு மாத்திரைகளும் அதே விளைவைத் தருகின்றன. வயது ஏற ஏற நோய் எதிர்ப்பாற்றலும் தளர்கிறது.

நீரிழப்பு இன்னொரு காரணம். முதுமையில் தாக உணர்வு மங்குகிறது. நீரைச் சேமிக்கும் சிறுநீரகத்தின் திறன் குறைகிறது. இரத்த அழுத்தத்திற்கும் இதய நோய்க்கும் தரப்படும் சில மருந்துகள் சிறுநீரை மிகுவிக்கின்றன. இளைஞர் ஒருவர் இரண்டு நாளில் தேறிவிடும் வயிற்றுப்போக்கு, எண்பது வயதினரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப் போதுமானது. இரவில் கழிவறைக்கு விரைந்து எழுகையில் விழுந்து இடுப்பெலும்பு முறிதல், ஈரத்தில் கிடந்து படுக்கைப்புண் உண்டாதல், உணவு செல்லாத நாளிலும் சர்க்கரை மாத்திரையைத் தொடர்ந்து உட்கொண்டு இரத்தச் சர்க்கரை தாழ்தல் ஆகியவை அதன் பக்கவிளைவுகள். இறப்புச் சான்றிதழில் வயிற்றுப்போக்கு இடம்பெறாவிட்டாலும், சரிவின் தொடக்கம் அதுவாக இருக்கக்கூடும்.

கூட்டமாக வாழும் இடங்களில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவுவதற்கு நோரோவைரஸ் முக்கியக் காரணிகளுள் ஒன்று. மிகச் சில துகள்களே நோயை உண்டாக்கப் போதும். தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்திற்குள் அறிகுறிகள் தோன்றுகின்றன. தேறியவரின் மலத்திலும் இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ வைரஸ் வெளியேறலாம். அதாவது நலமடைந்து உணவுக்கூடத்திற்குத் திரும்பியவரின் கையும் பரப்பும் கையாக இருக்கலாம். டைபாய்டு, சீதபேதி, மஞ்சள் காமாலையின் ஏ வகை ஆகியனவும் மலத்திலிருந்து வாய்க்குச் செல்லும் இதே வழியைப் பின்பற்றுபவை.

4. சோற்றுக்கை என்னும் கருத்தாக்கம்

ஒருவர் வீட்டில் உண்பதைக் ‘கை நனைத்தல்’ எனக் குறிப்பது தமிழ் வழக்கு. மணம் பேசச் செல்வோர் பேச்சு முடியும்வரை அவ்வீட்டில் கை நனைப்பதில்லை என்பர். உண்ணுதலும் கையில் நீர்படுதலும் ஒரே சொல்லில் அடங்கியுள்ளன. வலக்கையைச் சோற்றுக்கை எனவும் இடக்கையைப் பீச்சாங்கை எனவும் வழங்கும் பேச்சுவழக்கு, உண்ணும் கையையும் கால் கழுவும் கையையும் தெளிவாகப் பிரிக்கிறது. இப்பிரிவு நுண்ணுயிரியல் தோன்றுவதற்கு முன்பே நடைமுறையிலிருந்த தடுப்புமுறை எனக் கொள்ளத்தக்கது.

எனினும் இம்மரபின் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். உண்டபின் கை ‘எச்சில் கை’ ஆகிறது. அதைக் கழுவாமல் எதையும் தொடலாகாது என்னும் உணர்வு ஆழமானது. நினைவு மங்கிய முதியவரும் உண்டு முடித்ததும் கை கழுவ இடம் தேடுவார். உண்பதற்கு முன்னோ, விரல்நுனிகளை நீரில் நனைப்பதோடும் இலையில் நீர் தெளிப்பதோடும் பலர் அமைகின்றனர். சோப்பு பெரும்பாலும் குளியலோடும் உண்டபின் பிசுக்கு நீக்குவதோடும் தொடர்புபடுத்தப்படுகிறது. நோய்த்தடுப்புக்கு உண்ணுமுன் கழுவுதல் இன்றியமையாதது. பழக்கத்தில் உறுதியாக இருப்பதோ உண்டபின் கழுவுதல். இவ்விடைவெளியை அறியாமல் ‘எல்லோரும் கை கழுவுகிறார்கள்’ எனக் கொள்வது பிழையாகும்.

மேலை நாட்டு இல்லங்களில் முள்கரண்டியும் கரண்டியும் கைக்கும் உணவுக்கும் இடையே நிற்கின்றன. அங்கும் ரொட்டி, பழம் முதலியன கையால் உண்ணப்படுகின்றன. தமிழர் உணவிலோ குழம்புச்சோறு, ரசச்சோறு, மோர்ச்சோறு என ஒவ்வொரு முறையும் விரல்கள் அனைத்தும் உணவில் தோய்கின்றன. நகக்கண்ணும் உணவில் அழுந்துகிறது. கையில் உள்ள கிருமிகளில் பெரும்பகுதி நகத்தின் அடியில் தங்குவது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும்.

இதற்குத் தீர்வாக அனைவருக்கும் கரண்டி தந்துவிடலாம் என்று தோன்றக்கூடும். கரண்டி விரும்புவோர்க்கு அது உரியதே. ஆனால் எழுபது, எண்பது ஆண்டுகள் கையால் உண்டவரிடமிருந்து அப்பழக்கத்தைப் பறிப்பது உணவின் சுவையையும் அளவையும் குறைக்கலாம். சூடு, பதம், மீன்முள், கறிவேப்பிலைக் காம்பு ஆகியவற்றை முதலில் அறிவது விரலே. தானே உண்ணும் ஆற்றல் குன்றிப் பிறர் ஊட்டும் நிலை, உணவு மூச்சுக்குழலில் புகுந்து நுரையீரல் அழற்சி உண்டாவதற்கான இடர்க்காரணிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஆகவே கையால் உண்ணும் ஆற்றல் காக்கப்பட வேண்டியது. தூய்மை அதற்குத் துணையாக அமைய வேண்டும்.

5. அறையிலிருந்து உணவுக்கூடம் வரை

நண்பகல் உணவுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் முதியவரின் கை எங்கெங்கு செல்கிறது என்பதைத் தொகுத்து நோக்கினால் சிக்கலின் இயல்பு விளங்கும். கழிவறையில் நீரால் கழுவிக்கொண்ட இடக்கை, கதவுத் தாழ்ப்பாள், ஊன்றுகோலின் பிடி, மூக்குக் கண்ணாடி, கைக்குட்டை, மூக்குப்பொடி டப்பா, வெற்றிலைப் பெட்டி, சுவரோரக் கைப்பிடி, நாற்காலியின் கை எனப் பட்டியல் நீள்கிறது. சக்கர நாற்காலியைத் தாமே உருட்டி வருபவரின் உள்ளங்கை, தரையில் உருண்ட சக்கரத்தின் வளையத்தைப் பற்றியே வருகிறது.

அறையிலேயே கை கழுவிவிட்டு உணவுக்கு வருமாறு அறிவுறுத்துவது பொதுவான நடைமுறை. மேற்கண்ட வழியை நோக்கினால் அதன் குறை வெளிப்படும். கழுவிய கை கூடத்தை அடைவதற்குள் மீண்டும் பல பரப்புகளைத் தொட்டுவிடுகிறது.

கூடத்திலுள்ள குழாய்களில் எல்லோரையும் கழுவச் செய்வதிலும் இடர்ப்பாடு உண்டு. 30 பேர் வாழும் இல்லத்தில் இரண்டு குழாய்கள் உள்ளன எனக் கொள்வோம். தளர்ந்த நடையுடைய ஒருவர் குழாயடியை அடைந்து, கழுவி, துடைத்து, இடம் விடுவதற்கு இரண்டு நிமிடம் ஆகும் என்றாலும், 15 பேர் வீதம் இரண்டு வரிசைகளுக்கு அரை மணி நேரம் தேவை. முதலில் கழுவியவர் அந்த அரை மணியும் நாற்காலியின் கையையும் மேசையையும் தொட்டபடி காத்திருப்பார். கடைசியில் நிற்பவர் கால்வலி தாளாமல் கழுவாமலே அமர்ந்துவிடுவார். இதில் எவருடைய அலட்சியமும் இல்லை. நீரும் கையும் சோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சேராத ஏற்பாடே காரணம்.

உணவுவேளைக்குள் அடங்காத உண்ணல்களும் உள்ளன. உணவுக்கு முந்தைய மாத்திரைகள் பெரும்பாலும் முதியவரின் உள்ளங்கையில் கொட்டப்பட்டு வாய்க்குச் செல்கின்றன. பல்செட்டைப் பொருத்தும்போது விரல் வாயினுள் நுழைகிறது. மாலையில் தரப்படும் முறுக்கு, வடை, சுண்டல் ஆகியன ‘சாப்பாடு’ எனக் கருதப்படாமையால் கை கழுவுதலும் நினைவுக்கு வருவதில்லை. பிறந்தநாள், நினைவுநாள் ஆகியவற்றை முன்னிட்டு அன்னதானம் செய்ய வருவோரால் உணவுக்கூடத்தில் கூட்டம் மிகும் நாள்களில், முதியோர் முன்னதாகவே அமர்த்தப்பட்டு, வணக்கமும் வாழ்த்தும் நிழற்படமும் முடியும்வரை காத்திருக்கின்றனர். அதற்குள் பலரின் கைகளைப் பற்றியிருப்பர். திருநீறு பூசி வாழ்த்தியிருப்பர். அந்நாள்களில் முன்பே கழுவிய கை பயன்படாது.

6. பொருள்களும் அவற்றின் எல்லைகளும்

சோப்பும் நீரும்: கைத்தூய்மைக்கு இவையே முதன்மையானவை. சோப்பு பிசுக்கையும் அதில் ஒட்டியுள்ள கிருமிகளையும் தளர்த்துகிறது. உரசல் அவற்றைப் பெயர்க்கிறது. நீர் அடித்துச் செல்கிறது. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், விரல்நுனி என முறையாகக் கழுவித் துடைப்பதற்கு 40 முதல் 60 நொடிகள் ஆகும் என உலக நலவாழ்வு நிறுவனம் கணிக்கிறது. நீர் தேங்கிய பெட்டியில் ஊறிக் கிடக்கும் கட்டிச் சோப்பைவிடத் திரவச் சோப்பு ஏற்றது. பாதி தீர்ந்த புட்டியில் மேலும் ஊற்றி நிரப்பாமல், தீர்ந்தபின் கழுவி உலர்த்தி நிரப்ப வேண்டும்.

துடைத்தல்: ஈரக்கை உலர்ந்த கையைவிட மிகுதியான கிருமிகளை ஏற்கவும் கடத்தவும் வல்லது. ஆதலால் துடைத்தல் கழுவுதலின் பகுதியே. கூடத்து ஆணியில் தொங்கும் பொதுத்துண்டு, கழுவியதன் பயனைக் கெடுத்துவிடும். ஒருவருக்கு ஒரு சிறு பருத்தித்துண்டு என வைத்து நாள்தோறும் துவைத்து வெயிலில் உலர்த்துவது செலவு மிகாத வழி.

கைத்தேய்ப்பு நீர்மம்: சானிடைசர் எனப் பரவலாக அறியப்படும் இது, ஆல்ககால் 60 விழுக்காட்டிற்குக் குறையாமல் இருந்தால் பயன் தரும். 20 முதல் 30 நொடிகள் தேய்த்து முழுதும் உலரவிட வேண்டும். பிசுக்கோ அழுக்கோ படிந்த கையில் இதன் ஆற்றல் குன்றும். நோரோவைரஸ் மீது இதன் செயல் போதாது. சிலவகை வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்னும் பாக்டீரியாவின் வித்துகளை இது அழிப்பதில்லை. எனவே வயிற்றுப்போக்கு தலைகாட்டும் நாள்களில் சோப்பும் நீருமே நம்பத்தக்கவை. மறதிநோய் உடையோர் இதைக் குடித்துவிடும் இடரும், அடுப்பு, விளக்கு ஆகியவற்றின் அருகே தீப்பற்றும் இடரும் உண்டு. பலருக்கு ஊட்டும் பராமரிப்பாளர் ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் செல்லும் இடைவேளையில் இது பெரிதும் உதவும்.

ஈரத்துணி: படுக்கையில் உள்ளோர்க்கு, இளஞ்சூடான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, வெறும் நீரில் நனைத்த துணியால் மீண்டும் துடைத்து, உலர்த்துதல் தக்க மாற்று. ஒரே துணியால் பலரின் கையைத் துடைப்பதும், ஒரே கிண்ணத்து நீரில் பலரும் விரல் நனைப்பதும் கிருமியைப் பங்கிட்டுக் கொடுப்பதாகவே முடியும்.

7. கை தளர்ந்தோர்

பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்தவரிடம் சோற்றுக்கை, பீச்சாங்கை என்னும் பிரிவு குலைகிறது. கால் கழுவுவதும் உண்பதும் ஒரே இடக்கையால் நிகழ வேண்டியதாகிறது. ஒற்றைக் கை தன்னைத்தானே கழுவிக்கொள்ளவும் இயலாது. இவர்க்கு நோய்த்தொற்று இடரோடு, பலர் காண இடக்கையால் உண்ணும் கூச்சமும் சேர்கிறது. அக்கூச்சத்தால் உணவைப் பாதியில் நிறுத்திவிடுவோரும் உளர். கழிவறையில் துணை, உணவுக்கு முன் பிறர் சோப்பிட்டுக் கழுவிவிடுதல், விரும்பினால் கரண்டி, வேண்டினால் ஓரமான இருக்கை ஆகியன இவருடைய தேவைகள். செயலிழந்து மூடிக்கிடக்கும் வலக்கையையும் மறத்தலாகாது. உள்ளங்கை வியர்வையில் ஊறிப் புண்ணாகும். விரல்களை மெல்லப் பிரித்துக் கழுவி, இடுக்குகளை உலர்த்த வேண்டும்.

மறதிநோய் உடையோர்க்குக் ‘கை கழுவுங்கள்’ என்னும் சொல் பொருள்படாமல் போகலாம். ஆனால் நெடுநாள் உடற்பழக்கம் எளிதில் அழிவதில்லை. கையில் இளஞ்சூடான நீர் விழுந்ததும், சோப்பின் வழவழப்பு பட்டதும் கைகள் தாமே உரசிக்கொள்வதுண்டு. பராமரிப்பாளர் எதிரே அமர்ந்து தம் கையை உரசிக் காட்டுதல், ஒரு நேரத்தில் ஒரு செயலை மட்டும் தொடங்கிவைத்தல், மறுத்தால் சற்றுப் பொறுத்து மீண்டும் அணுகுதல் ஆகியன பயன் தருவன. கையைப் பிடித்திழுத்துக் கழுவுவது அச்சத்தை விளைத்து, அவ்வேளை உணவையே மறுக்கச் செய்யும்.

மூட்டுவாதம் உடையோர்க்குத் திருகுகுழாய் பகை. தட்டித் திறக்கும் நீள்பிடிக் குழாய் துணை. நெடுநாள் சர்க்கரை நோயால் உணர்வு மரத்த கைக்குச் சூடு தெரியாது. நீரின் சூட்டைப் பராமரிப்பாளரே முதலில் சோதிக்க வேண்டும். முதுமைத் தோல் மெல்லியது; கடுஞ்சோப்பும் வெந்நீரும் வெடிப்பை உண்டாக்கும், வெடிப்பு கிருமிக்கு இருப்பிடமாகும். மென்சோப்பும், இரவில் தேங்காயெண்ணெய் போன்ற ஈரங்காக்கும் பூச்சும் போதுமானவை. வாரம் ஒருமுறை நகம் வெட்டுதல் இன்றியமையாதது. மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு, கல் பதித்த மோதிரம், வளையல் ஆகியவற்றின் கீழ் ஈரமும் சோறும் தங்கும். உரியவரின் ஒப்புதலோடு அவற்றை நகர்த்திக் கழுவ வேண்டும். ஒப்புதலின்றிக் கழற்றுதல் தகாது.

8. பரிமாறலின் முதற்படி

மேற்கண்டவற்றிலிருந்து பெறப்படும் நெறி எளியது: முதியவர் அமர்ந்தபின், உணவு வருமுன், இருந்த இடத்தில் கை தூய்மையாக வேண்டும். இலை போடுதலும் நீர் வைத்தலும் பரிமாறலின் பகுதிகளாக இருப்பதுபோல, கைக்கு நீர் வார்த்தலும் அதன் பகுதியாக வேண்டும். நடைமுறையில் அதனைப் பின்வருமாறு அமைக்கலாம்.

முதலாவதாக, தாமே கழுவ இயன்றோர், இயலாதோர் எனப் பிரித்தறிதல். 30 பேரில் 20 பேர் கூடத்துக் குழாயில் தாமே கழுவக்கூடும். இருக்கையில் நீர் தேவைப்படுவோர் 10 பேராக அமையலாம். இப்பிரிப்பு வேலைச்சுமையை இயலும் அளவிற்குக் குறைக்கிறது.

இரண்டாவதாக, உணவு வண்டிக்கு முன்னே கைகழுவும் வண்டி செல்லுதல். செம்பு அல்லது மூக்குள்ள குவளையில் இளஞ்சூடான நீர், திரவச் சோப்பு, நீர் ஏந்தும் அகன்ற பாத்திரம், தனித்தனித் துண்டுகள் ஆகியன அதில் இருக்கும். ஒருவர் வார்க்க, மற்றொருவர் பாத்திரம் ஏந்தித் துடைத்துவிடலாம். கழுவியவருக்கு உடனடியாகப் பரிமாறப்படும். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதைவிடச் செம்பால் வார்ப்பதில் நீரும் குறைவாகவே செலவாகும். உண்ணும் தட்டில் கை கழுவுவதைப் பலர் இழிவாகக் கருதுவர். எனவே ஏந்தும் பாத்திரம் உண்கலத்தினின்று நிறத்தாலும் வடிவாலும் வேறுபட்டிருக்க வேண்டும்.

மூன்றாவதாக, கழுவியபின்னரே மாத்திரையும் பல்செட்டும். இவ்வரிசை மாறினால் முதற்கவளத்திற்கு முன்பே கிருமி வாயை அடைந்துவிடும்.

நான்காவதாக, சிற்றுண்டிக்கும் அன்னதான நாள்களுக்கும் இதே முறை. விருந்தினர் பரிமாற விரும்பினால் அவர்களும் முதலில் கை கழுவுதல் வேண்டும். விரும்புவோரிடம் நீர் வார்க்கும் பணியையே ஒப்படைக்கலாம். அதுவும் சோறிடுதலுக்கு ஒப்பான தொண்டே.

ஐந்தாவதாக, கண்காணிப்பு. பதிவேட்டில் குறியிடுவதைக் காட்டிலும், வாரத்தில் ஒருவேளை பொறுப்பாளர் கூடத்தில் நின்று, அமர்ந்தோர் எத்தனை பேர், முதற்கவளத்திற்கு முன் சோப்பிட்டுக் கழுவியோர் எத்தனை பேர் என எண்ணிப் பார்ப்பது உண்மை நிலையைக் காட்டும். குறைந்த இடத்தில் ஆளோ பொருளோ நேரமோ எது போதவில்லை எனக் கேட்பதே பயனுள்ள வினா. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ தோன்றினால் மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும். நோயுற்ற பணியாளர், அறிகுறிகள் நின்று 48 மணி நேரம் ஆகும்வரையேனும் சமையலிலும் பரிமாறலிலும் ஈடுபடலாகாது.

இம்முறைக்குக் கூடுதல் ஆள்நேரம் தேவை என்பதை மறுக்க இயலாது. பத்துப் பேருக்கு ஒன்றரை நிமிடம் வீதம் கணக்கிட்டால், இருவர் ஒவ்வொரு வேளையும் கால்மணி நேரம் செலவிட வேண்டும். பணியாளர் குறைந்த இல்லங்களில் இது சுமையே. ஆனால் ஐந்து பேர் ஒரே இரவில் வயிற்றுப்போக்குற்றால் துணி மாற்றவும் தரை துடைக்கவும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் செலவாகும் நேரம் அதனினும் பன்மடங்கு பெரிது.

9. தூய்மையும் மாண்பும்

கை கழுவியாயிற்றா என்னும் கேள்வி குழந்தையிடம் கேட்கப்படுவது. வாழ்நாள் முழுவதும் பிறருக்குச் சோறிட்டவரிடம் அதனைப் பலர் முன்னிலையில் கேட்பது அவரைச் சிறுமைப்படுத்தும். கையை முகர்ந்து பார்ப்பதும் நகத்தைச் சுட்டிக் கடிந்துரைப்பதும் அவ்வாறே. அதே கைக்கு, ‘அம்மா, தண்ணீர் விடட்டுமா?’ எனக் கேட்டு நீர் வார்ப்பது விருந்தோம்பலின் சாயல் கொண்டது. கிருமியை நீக்குவதில் இரண்டும் ஒரே பயன் தரலாம். முதியவர் அந்த உணவை எவ்வாறு உண்கிறார் என்பதில் வேறுபாடு உண்டு. தாமே கழுவ இயன்றவருக்கு நேரம் தந்து காத்திருத்தலும், இயலாதவருக்குக் கேட்டுச் செய்தலும் மாண்பைக் காக்கும் வழிகள்.

10. முடிவுரை

முதியோர் இல்லங்களின் கைத்தூய்மை விதிகள் பராமரிப்பவரின் கையிலும் சமைப்பவரின் கையிலும் நின்றுவிடாமல் உண்பவரின் கைக்கும் விரிவடைய வேண்டும். கையால் உண்ணும் வழக்கை மாற்றாமலே இது இயலும். அறையில் கழுவிய கை கூடத்தை அடைவதற்குள் மாசுறுவதாலும், தளர்ந்தோர் குழாயடியில் காத்திருக்க இயலாமையாலும், அமர்ந்த இடத்தில் உணவுக்குச் சற்று முன் கழுவுவதே பொருத்தமான தருணம் என்பது பெறப்படுகிறது. உண்டபின் கழுவும் பழக்கம் ஆழ வேரூன்றியிருக்க, உண்ணுமுன் சோப்பிட்டுக் கழுவுதல் தளர்ந்து கிடப்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். 2007ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிடும் இல்லத் தரங்களில், உணவின் அளவும் வகையும் போல, உணவுக்கு முன் ஒவ்வொருவரின் கைக்கும் நீரும் சோப்பும் உலர்ந்த துண்டும் கிடைத்தல் என்பதும் தனிக்கூறாக இடம்பெறத் தக்கது. ஒரு செம்பு நீரும் ஒரு துண்டும் கால்மணி நேரமுமே இதற்கு வேண்டுவன.